வரப்பில் உட்கார்ந்தவர்களைச் சண்டி என்றேன்

ஏர் மாடு நுகத்தடியோடு படுத்துக்கொண்டு எழ மறுத்தால் அது சண்டி. எங்கள் பக்கம் டிராக்டர் கிளம்பாவிட்டாலும் சண்டி, மாத்திரை விழுங்காத என் மாமனாரும் சண்டி. யோசிக்காமல் வாயில் வரும் சொல். போன சம்பா நடவில்தான் அது என்னைச் சுட்டது.

எங்களுக்கு மூன்று வயல். சாலையோரத்து இரண்டும் மேடு. மூன்றாவது வடிகாலை ஒட்டிய பள்ளம். கால் முழங்கால் வரை புதையும். மேட்டுக்கு நடவு மிஷின் அமர்த்தி, அதற்கென்று தட்டுகளில் குட்டை நாற்றும் வளர்த்திருந்தேன். பள்ளத்தில் அது இறங்காது என்பதால் அதற்கு மட்டும் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். முந்தின நாளே பறித்த நாற்று கட்டுக் கட்டாகக் கிடந்தது. அன்றைக்கே நடாவிட்டால் வீணாகிவிடும்.

வந்தவர்கள் வயலில் இறங்கவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

"என்ன சித்தி, சண்டித்தனம் பண்றீங்களா?" என்றேன், அவர்களை அழைத்து வந்தவரிடம். இந்த நிலம் வேறொருவரிடம் இருந்த காலத்தில் என் அம்மாவோடு இதே சேற்றில் கூலிக்கு நட்டவர் அவர்.

"ஆமாண்டா, சண்டிதான். வால முறுக்கிப் பாரேன், எந்திரிக்கிறோமான்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மேட்டையெல்லாம் மிஷினுக்குக் குடுத்துட்ட. அது எறங்காத எடத்துக்குத்தான் எங்க நெனப்பு வருதாக்கும்?" என்றார் சித்தி.

கோபத்தோடு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். உள்ளே மகாலிங்க சாமி படம். கும்பிடக் கை தூக்கியபோதுதான் உறைத்தது. திருவிடைமருதூரில் தேர் பாதி வீதியில் நின்றுவிட்டால் சாமியைச் சண்டி என்றா சொல்கிறோம்? கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்ன குறை வைத்தோம் என்று கேட்கிறோம். இவர்களிடம் நான் கேட்கவே இல்லையே.

முதல் மேட்டு வயலை முடித்த மிஷின் அடுத்ததற்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கை காட்டி நிறுத்தினேன்.

"தட்டுல நாத்து மிச்சம் கெடக்கேண்ணே?" என்றார் ஓட்டுகிறவர்.

"கெடக்கட்டும். கையால நட்டுக்குவாங்க."

வரப்புக்கு வந்தேன். "அந்த மேடு ஒங்களுக்குத்தான் சித்தி. தப்பாப் பேசிட்டேன்."

"இந்த வருசம் மட்டுமா?"

"வருசா வருசம். சாமி சத்தியமா."

சித்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினார். "அப்ப நீயும் எறங்கு. கட்டு எடுத்துக் குடுக்க ஆளு வேணாமா?"

இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் பள்ளம் முடிந்தது. மறுநாள் தட்டு நாற்றைப் பிய்த்து, "கோரை மொளச்ச மாதிரில்ல இருக்கு, இதையா நடச் சொல்ற?" என்று என்னைத் திட்டிக்கொண்டே மேட்டு வயலை நட்டார்கள்.