கேட்காமல் அடித்த பெயின்ட்

போன மாதம் ஓர் ஆட்டோ டிரைவரிடம் அநியாயமாகச் சண்டை போட்டேன். அவர் நிறுத்தியது சரியான வீட்டில்தான். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. என் வீடு எனக்கே!

சென்னையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். நானும் மனைவி சரோஜாவும் ஒன்றரை மாதம் அங்கே இருந்துவிட்டு, காலையில் தஞ்சாவூர் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார் டிரைவர். "இது இல்லப்பா, இன்னும் போ" என்றேன். "நீங்க சொன்ன நம்பர் இதுதான் சார்" என்றார். "என் வீடு எனக்குத் தெரியாதா?" என்று குரலை உயர்த்தினேன்.

சரோஜா மெதுவாக என் கையைத் தொட்டாள். "கேட்டுல தொங்கறது நம்ம பூட்டுங்க" என்றாள்.

பூட்டு எங்களுடையதுதான். ஆனால் வீடு? வாடாமல்லிக் கலர்! மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து காம்பவுண்ட் வரை, பளிச்சென்று. ஜன்னல்களைச் சுற்றி மஞ்சள் பார்டர் வேறு. நான் தெருவில் நின்று பேந்தப் பேந்த முழித்தேன். திருட்டுப் போன வீட்டைப் பற்றிப் போலீஸில் சொல்லலாம். பெயின்ட் அடிக்கப்பட்ட வீட்டைப் பற்றி யாரிடம் சொல்வது?

அதற்குள் எதிர்வீட்டு சகுந்தலா ஓடி வந்தாள். "என்னக்கா, முரளிக்கு முடிஞ்சிடுச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா!"

முரளி எங்கள் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. முப்பத்து மூன்று வயது. ஜாதகம் கையில் எடுத்து வருஷக்கணக்காகிறது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். மற்ற மாதங்களில் ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டிப் பெயின்ட் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்... அந்த வீட்டில் கல்யாணம். தெருவே அப்படித்தான் முடிவு செய்திருந்தது. பெயின்டர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது சகுந்தலா. டீ போட்டுக் கொடுத்ததும் சகுந்தலா. "அந்த மஞ்ச பார்டர் குடுக்கச் சொன்னதே நான்தாங்கா" என்று பெருமையாகச் சொன்னாள். அவளை என்ன சொல்ல முடியும்? நல்ல மனசு.

மர்மம் மத்தியானம் உடைந்தது. ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் பெயின்டிங் மேஸ்திரி கலியமூர்த்தி, பூதலூர் பக்கத்துக்காரர். திறந்திருந்த வீட்டைப் பார்த்து அவருக்கு ஏக சந்தோஷம்.

"பாய் வந்துட்டாங்களா சார்? உள்வேலை ஆரம்பிச்சுடலாமா?"

"எந்த பாய்?"

"ஜபருல்லா பாய். அவங்க வீடுதானுங்களே இது?"

ஜபருல்லா பாய் வீடு எங்களிடமிருந்து நாலு வீடு தள்ளி. ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறார். குடும்பமும் அங்கேயே. மகளுக்கு ஊரில் வைத்து நிக்காஹ் செய்ய முடிவு செய்து, அதற்கு முன்னால் வீட்டை அழகுபடுத்தச் சொல்லி மேஸ்திரிக்கு போன் செய்திருக்கிறார். அடையாளம்? "தெருவுல நுழைஞ்சா ஒரே ஒரு மாடி வீடு பூட்டியிருக்கும். அதான்." அவர் ஊரை விட்டுப் போனபோது அது உண்மை. அப்புறம் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் சிங்கப்பூர் போயிற்று, ஒன்று மஸ்கட் போயிற்று, ஒன்று மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டது. நாங்கள் பிரசவத்துக்குப் போனோம். தெருமுனையிலிருந்து வந்தால் முதலில் வருகிற பூட்டிய மாடி வீடு எங்களுடையது. மேஸ்திரி காம்பவுண்ட் ஏறிக் குதித்து வேலையை முடித்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் மனிதர் அப்படியே காம்பவுண்ட் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "பாய் அனுப்புன அட்வான்ஸ் பூரா இந்தச் சுவத்துல இருக்கு சார். பசங்க கூலி கையைவிட்டுக் குடுத்திருக்கேன். இன்னும் ரெண்டு வாரத்துல நிக்காஹ். அந்த வீட்டுக்குப் பெயின்ட் எடுக்க எங்கிட்ட ஒத்தப் பைசா இல்ல. நீங்க குடுத்தாதான் உண்டு."

நான் குடுக்கணுமா? ஏன்?

வழக்கமான வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் செல்போனில் நான் கேட்காமலே ஒரு பாட்டை வைத்துவிட்டு, அதற்கு மாதா மாதம் காசு பிடித்த கம்பெனியோடு நான் மல்லுக்கட்டிய கதையை இதே பக்கத்தில் எழுதினேன். கேட்காத சேவைக்குக் காலணா கிடையாது என்று முழங்கியிருந்தேன். பலர் பாராட்டி எழுதினீர்கள். இப்போது அதே முழக்கத்தை, சட்டையெல்லாம் வாடாமல்லித் துளிகளோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

இன்னொரு பக்கமும் யோசித்தேன். விடிவதற்கு முன்னால் வந்து, கேட்காமலே குறி சொல்லிவிட்டுப் போகிறார் குடுகுடுப்பைக்காரர். காலையில் அவர் வந்து நின்றால் முறத்தில் அரிசி போடாமலா இருந்தோம்? சரி, அது அரிசி. இது ஆயிரக்கணக்கில். இன்றைக்குக் கொடுத்தால், நாளைக்கு நான் ஊருக்குப் போகும்போது யாராவது வந்து டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனால்? கொடுக்காவிட்டால்... யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அனுப்பிய காசுக்குள் அல்லவா நான் தூங்க வேண்டும்?

மேஸ்திரியே ஒரு வழி சொன்னார். "பழைய கலர் என்னன்னு சொல்லுங்க சார். கடன உடன வாங்கி அதையே அடிச்சுத் தந்துடறேன்."

"கிரீம்" என்றேன் நான். "இளநீலம்" என்றாள் சரோஜா. "வெள்ளைதானேக்கா?" என்றாள் சகுந்தலா. மகள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். வீட்டைச் சுற்றிப் பந்தல் துணி. சுவர் ஒரு சாண்கூடத் தெரியவில்லை. போன மாதம் வரை தன் வீடு என்ன நிறத்தில் இருந்தது என்றே தெரியாதவன், நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று எந்த முகத்தோடு வழக்குப் பேசுவது?

சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து போன். "அண்ணே, நீங்க ஒண்ணும் குடுக்கக் கூடாது. தப்பு என்மேல. ரெண்டு வீட்டுக்கும் நானே தந்துடறேன்" என்றார் ஜபருல்லா பாய். இது நியாயமா? அந்த வெயிலில் அவர் சம்பாதிப்பது என் காம்பவுண்டுக்கா? "அதெல்லாம் வேணாம் பாய்" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அப்படியென்றால் கொடுக்கப்போவது யார் என்ற கேள்வி வந்தது.

மறுநாள் மேஸ்திரியிடம் பாதிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் பெயின்ட் எடுக்க வேண்டுமே. மீதியை யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பாதி கொடுத்தால் என்ன அர்த்தம்? பாதி வேலையை நான் கேட்டேன் என்றா? எனக்கே விளங்கவில்லை.

பாய் வீடு முடிந்தது. அதே வாடாமல்லி. கல்யாணப் பெண் ஆசைப்பட்ட கலராம். தெருவில் இப்போது ஒரே மாதிரி இரண்டு வீடு. என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நிக்காஹ் அன்று காலை, பூம்புகார் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. தாம்பாளங்களோடு பெண்கள் இறங்கினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கேட்டருகே வந்து, "கல்யாண வூடு இதுதானுங்களே?" என்றாள்.

நாலு வீடு தள்ளி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு போனாள் சரோஜா.

"ஆமா, வாங்க வாங்க! உள்ள வந்து ஒக்காருங்க."

அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், காபி போட்டாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், "பொண்ணு வீடு அந்தாண்ட இருக்கு, நான் கொண்டுவிடறேன்" என்று சிரித்தபடி சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். அந்தத் தாம்பாளங்களில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு அவர்களோடு தெருவில் நடந்தாள். சரோஜாவின் முகத்தை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி வந்தார். "யோசிச்சீங்களா சார்?"

யோசித்திருந்தேன். தெளிவு மட்டும் வரவில்லை. "இருந்தாலும் மேஸ்திரி, நாங்க கேக்காத வேலைதானே..." என்று இழுத்தேன்.

உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "யாரு கேக்கல? வருஷா வருஷம் நான் கேட்டேன். முரளிக்கு முடியட்டும், அடிச்சுக்கலாம்னு நீங்கதான் சொல்லிட்டே இருந்தீங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்தார். நான் பீரோவைத் திறந்தேன்.

முரளிக்கு இன்னும் பெண் அமையவில்லை. வீடு தயாராக இருக்கிறது.