இடப்பக்கம் திரும்பாத கழுத்து

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கழுத்து வலியோடு வந்தால் அதிகம் யோசிக்க மாட்டேன். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்தால் கழுத்து பிடிக்காமல் என்ன செய்யும்? சூட்டு ஒத்தடத்துக்கு ஹொட் பேக் வைத்து, பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து வந்த செல்வியிடம் இது எடுபடவில்லை. கழுத்து வலப்பக்கம் நன்றாகத் திரும்பியது. இடப்பக்கம் மட்டும் அசையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நடிக்கிறாள் என்று தோட்டத்தில் பேச்சு.

"வேலைக்குப் போகாட்டி தோட்டத்துல பேர வெட்டிருவாங்க மிஸ். லயத்து வீட்டையும் விடச் சொல்லுவாங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நா எங்க போவேன்?"

ஒருநாள் ஹொட் பேக் சூட்டில் கட்டிலிலேயே தூங்கிவிட்டாள். பார்த்தால், முகம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தூக்கத்தில் திரும்புகிற கழுத்து விழித்தால் ஏன் மறுக்கிறது? நடிப்பென்றால் இரண்டு பக்கமும் திரும்பவில்லை என்றல்லவா சொல்லியிருப்பாள்? எனக்கு மண்டை குடைந்தது.

எழுந்ததும் கேட்டேன். "மலையில கொழுந்து எடுக்கும்போது ஒங்களுக்கு இடப்பக்க நிரையில யாரு?"

செல்வி ஹொட் பேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மதினி. அண்ணன் சம்சாரம். கழுத்து பிடிக்கிறதுக்கு மொத நாளு குளவிக் கூடு கலஞ்சிருச்சி. செல்வி, செல்வின்னு கத்துனாங்க. நா திரும்பிக்கூடப் பாக்காம ஓடிட்டேன் மிஸ்."

"எறந்துட்டாங்களா?"

"இல்ல மிஸ். ஆஸ்பத்திரியில கெடந்து வந்துட்டாங்க. லயத்துல எங்களுக்குப் பக்கத்துக் காம்பராதான். அவங்க மொகத்துல முழிக்க முடியல."

மனநலப் பிரிவு டாக்டரிடம் சொன்னேன். ஆபத்து முடிந்தது தெரியாமல் சில உடம்புகள் இன்னும் பயந்துகொண்டே இருக்கும் என்று அவர் விளக்கினார். செல்வியோடு சில வாரங்கள் பேசினார். அவள் சம்மதித்த பிறகுதான் மதினியை வரச் சொன்னோம்.

மதினி வந்து செல்வியின் இடப்பக்கக் கதிரையில் உட்கார்ந்தார்.

"கூறு கெட்டவளே, ஒன்ன ஓடச் சொல்லித்தானே கத்துனேன். நீ ஓடுனதப் பாத்துதான் எனக்கு உசுரே வந்துச்சி."

செல்வி அழுதுகொண்டே திரும்பினாள். பாதி தூரம்தான். நாள்பட இறுகிய தசை ஒரே நாளில் இளகாது. மீதிக்கு நானும் அவளும் நிறையப் பாடுபட்டோம். டாக்டரின் கடிதத்தால் அதுவரை தோட்டத்தில் பேரும் வெட்டப்படவில்லை.

இப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள், அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு செல்வி ஒருமுறை வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மதினி பேச்ச நிறுத்த மாட்டேங்குறாங்க மிஸ். திரும்பித் திரும்பியே கழுத்து வலிக்குது."