நலங்குச் சேலை நனைத்த தண்ணீர்

எனக்கு வயது அறுபது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். கடைசி மகள் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது. நலங்குக்கான வெள்ளைச் சேலையை நானே பார்த்து எடுத்தேன். அதை மஞ்சள் நீரில் நனைத்து, ஈரத்தோடு உடுத்துவது எங்கள் வழக்கம். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் கிணறு வற்றியிருந்ததால், நாத்தனார் சுரங்கத்து மண்மேட்டுக் குட்டையிலிருந்து தெளிந்த நீர் கொண்டுவந்தாள். சேலையை நனைத்துப் பிழிந்தோம். மகள் உடுத்தப் போகையில், சேலை நனைத்த அண்டாவில் மிஞ்சிய நீரைக் குடித்த கோழி துடித்து விழுந்தது.

“இன்னா அண்ணி இது!” என்று நாத்தனார் அலறினாள்.

“தங்கம் பிரிக்கிற விஷத் தண்ணிடி! சேலையைக் கீழ போடு! என் பழசைக் கட்டிக்க!” என்று மகளிடம் கத்தினேன்.

“பழசைக் கட்டினா மாப்பிள்ளை வூட்ல சிரிப்பாங்களேம்மா,” என்று மகள் அழுதாள்.

“சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கு நீ இருக்கணுமில்ல?”

என் பழைய சேலையில்தான் நலங்கு நடந்தது. இப்போதெல்லாம் நாங்கள் குடிக்கிற நீரில்தான் கல்யாணத் துணியை நனைக்கிறேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படி, கேட்கிறேன்.