தீர்த்தப் பீப்பாய்

மாதா கோயில் பீப்பாயில் இருந்த தண்ணீரை நான் சோதிக்கவில்லை. சோதிப்பதுதான் என் வேலை. வெளிநாட்டு மிஷன் பணிக்குக் கிளம்பும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். காலராவைப் பற்றி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

1. வேலை

புதுச்சேரியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் பிரெஞ்சு படித்திருந்தேன். அதற்காகத்தான் மிஷன் என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. நாட்டின் பெயர் வேண்டாம். நம்மூர்க் கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

எல்லாம் ஆற்றங்கரைக் கிராமங்கள். மழை பிடித்தால் காலராவும் வந்துவிடும். வீடு வீடாகப் போய்க் குளோரின் மாத்திரை கொடுப்பேன். கை கழுவவும் ஓ.ஆர்.எஸ். கலக்கவும் சொல்லித் தருவேன். பையில் எப்போதும் டெஸ்ட் கிட் இருக்கும். அதன் சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தண்ணீரில் குளோரின் இல்லை.

பங்குச் சாமியாரும் புதுச்சேரிப் பக்கம், உழவர்கரைக்காரர். ஞானாதிக்கம் சாமி என்போம். நல்லவர், ஆனால் முன்கோபி. அங்கே எல்லோரும் என்னை மரியாதையாக, ஐயா என்பதுபோல, 'முசே' என்று கூப்பிட, அவர் மட்டும் அதையே கேலியாகச் சொல்வார்.

2. பீப்பாய்

கோயில் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாய் இருந்தது. ஞாயிறு பூசையில் சாமியார் அதை மந்திரிப்பார். சனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். நம் வீடுகளிலும் காய்ச்சல் வந்தால் தீர்த்தம் கொடுக்கிறோமே, அதுபோலத்தான். நானும் குடித்து வளர்ந்தவன். ஆறு, கிணறு, கேன், ஐஸ் என்று எல்லாவற்றையும் பற்றி வகுப்பெடுத்தேன். தீர்த்தத்தை மட்டும் சொல்லவில்லை. அது எனக்குத் தண்ணீராகவே தோன்றவில்லை.

ஒரு நாள், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஆற்றிலிருந்து கேனில் கொண்டுவந்து அந்தப் பீப்பாயில் ஊற்றுவதைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் மெதுவாகக் கேட்டேன்.

"சாமி, அந்தப் பீப்பாய்த் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"யோர்தான் நதியிலேர்ந்து. ஏன் முசே, அதுக்கும் மாத்திரை போடப் போறீரா?"

மேசையே சிரித்தது.

"இல்ல சாமி, சும்மா கேட்டேன்."

அதோடு விட்டுவிட்டேன். சோதித்து நிறம் வராவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் விசுவாசம் இல்லாதவன் என்று ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். கிட் பையில் இருக்க, தினமும் அந்தப் பீப்பாயைத் தாண்டிப் போனேன். பாட்டிலோடு யாராவது எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

3. செலஸ்தீன்

செலஸ்தீன் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவள். சோப்பு தீர்ந்தால் சாம்பல் போட்டுக் கை கழுவுவாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் விரட்டிக் கழுவவைப்பாள். அவள் ஒரு காலையில் தன் நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடிவந்தாள். பையனுக்குக் கண் உள்ளே போயிருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் குத்திக் குத்திப் பார்த்தார்.

அவள் பேசிய பிரெஞ்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், முசே."

"வேற ஏதாவது குடிச்சானா?"

"ஒண்ணும் இல்ல. முந்தாநாள் சளி புடிச்சிருந்துது, தீர்த்தம் குடுத்தேன். அவ்ளோதான்."

மதியத்துக்குள் பையன் இறந்துவிட்டான். கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி செபிக்க வந்த சாமியார் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான் எங்க தப்பு பண்ணேன்?"

பதில் எனக்குத் தெரியும். சாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று பயந்தேன். "ஒரு தடவை கை கழுவ மறந்திருப்ப" என்று சொன்னேன்.

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

4. நிறம்

அன்று சாயங்காலம் பீப்பாய்த் தண்ணீரைச் சோதித்தேன். நிறம் வரவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாய்யா?"

"சந்தேகம் இருந்துது சாமி."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்களுக்குப் பயந்துட்டேன்."

"எனக்கா?" என்று கேட்டுவிட்டுக் குழாயை மேசையில் வைத்தார். "கோவம் வந்தா கத்துவேன். ரெண்டு நாள் உன்கூடப் பேசாம இருப்பேன். அதுக்கா பயந்த?" பிறகு தணிந்த குரலில், "நானும்தான் சிரிச்சேன்" என்றார்.

பீப்பாயை அவரே கவிழ்த்துக் கழுவினார். அடுத்த ஞாயிறு சனங்களுக்கு முன்னால் தன் கையாலேயே குளோரின் போட்டு மந்திரித்தார். "செலஸ்தீன்கிட்ட நீதான் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லாமலே ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான். யாரிடம் சொல்லப் பயமாக இருக்கிறதோ அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருடைய கோபம் ஆறிவிடும்.

5. புதுச்சேரி

போன மாதம் இங்கே டவுனில் ஒரு கன்னியர் மடத்தில் வகுப்பெடுத்தேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், அங்க நோய் ஒட்டிக்கும்னு பயமா இல்லியா?"

"நோய்க்கு நான் பயந்ததே இல்லம்மா" என்றேன். வகுப்பை அதோடு முடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, அங்கேயுள்ள கன்னியர்களிடம் செலஸ்தீனின் நம்பர் கேட்டேன். அனுப்பினார்கள். அவள் இப்போதும் தோல் உரியும்வரை கை கழுவுகிறாள் என்றும் எழுதியிருந்தார்கள்.

"யாருக்குங்க போன்? இன்னா விஷயம்?" என்றாள் என் மனைவி. வாட்ஸ்அப்பில் செலஸ்தீனைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாயில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றியதையும், நான் அதைப் பார்த்தும் சும்மா இருந்ததையும், அன்று அவளிடம் பொய் சொன்னதையும். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ நான் கை கழுவினேனா, முசே?"

"கழுவினம்மா. ஒவ்வொரு தடவையும் கழுவின."

போனை வைத்துவிட்டாள்.

நான் மறுபடி கூப்பிடவில்லை. அவளுக்கு என்னிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கும். அவள் கூப்பிட்டால் எடுப்பேன். எடுக்கப் பயமாகத்தான் இருக்கிறது.