எங்கள் வீட்டு மாடியில் ஒரு குளம்

நான் சாட்டிலைட் படங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னை நிம்மதியாக விட்டதில்லை. ஒரு சித்தி, தன் தென்னை மரத்தில் யார் திருட்டுத் தேங்காய் பறிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஒரு மாமா, மகன் ஆபீஸுக்குத்தான் போகிறானா, சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறானா என்று கேட்டார். அதெல்லாம் தெரியாது என்றதும், "பின்னே என்னத்துக்கு அவ்வளவு உசரத்துலேர்ந்து பாக்கறேள்?" என்றார். நியாயமான கேள்விதான்.

வேலை இதுதான். ஏழ்மை ஒழிய வேண்டும், எல்லோருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும், நகரத்தில் மூச்சு விட இடம் வேண்டும் என்று உலக நாடுகள் கூடி வளர்ச்சி இலக்குகளை எழுதி வைத்திருக்கின்றன. எழுதினால் போதுமா? நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸின் பங்குக்கு வந்தவை திருவனந்தபுரத்துக் குளங்கள். மேலேயிருந்து வரும் படங்களைக் கம்ப்யூட்டர் மென்று, தண்ணீர் இருக்கும் இடத்தையெல்லாம் நீலமாகத் துப்பும். போன வருஷத்தைவிட நீலம் கூடியதா குறைந்ததா என்று நாங்கள் எழுதுவோம். பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். எங்கள் மேடம் அந்த அறிக்கையைச் சாவுச் செய்தி அனுப்புகிற முகத்தோடு மேலே அனுப்புவார்.

அந்த வருஷம் நகரத்தில் ஸ்ரீவராகம் பக்கம் புதிதாக ஒரு குளம் வந்தது. பாத்தி கட்டியது போல நல்ல செவ்வகம். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எடோ, ஒரு குளம் கூடியல்லோ!" என்று எல்லோருக்கும் நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரி வாங்கித் தந்தார். நேரில் போய் ஒரு போட்டோ எடுத்து வரும்படி, அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் என்னை அனுப்பினார்.

போன் காட்டிய வழியே ஸ்கூட்டரை ஓட்டினேன். அது என் தெருவுக்குள் திரும்பச் சொன்னது. பிறகு என் வீட்டு வாசலில், இடம் வந்துவிட்டது என்றது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாளா?" என்றாள். நான் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தேன்.

நீல ஷீட். மழைக்கு ஒழுகுகிறது என்று அப்பா மாடிக்கு மேல் கூரையாகப் போட்ட தகர ஷீட். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் மலிவு என்று அப்பாவும் இரு பக்கத்து மாமாக்களும் ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கி, ஒரே வெல்டரை வைத்து ஒரே மூச்சில் போட்டிருந்தார்கள். நீல ஷீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தண்ணீர் என்று ஏமாறுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அனுமதி வாங்காமல் ஷீட் போடுவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இரண்டும் சேர்ந்து என் தலையில் விடியும் என்று நான் நினைக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம்: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை. படுக்கையறை அப்பா அம்மாவுக்கு. ஹால் எனக்கும் டிவிக்கும். பெண் கரமனைக்காரி. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள், பகலெல்லாம் போனில் பேச வேண்டியவள். பெண் பார்க்கப் போன அன்று சொஜ்ஜி பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டு நேராகக் கேட்டாள்: "கதவைச் சாத்திக்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்குமா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கோ." மாடியில் ஒரு ரூம் கட்டித் தருவதாக அப்பா அங்கேயே வாக்குக் கொடுத்தார். தை மாதக் கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்று பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டார்.

கார்ப்பரேஷனிலிருந்து மனு திரும்பி வந்தது. எங்கள் ஆபீஸ் படத்தின்படி அந்த இடம் நீர்நிலையாம். குளத்துக்குள் ரூம் கட்ட முடியாதாம்.

"இத்தனை வருஷமா குளத்துக்குள்ளயாடா குடித்தனம் பண்ணிண்டிருக்கேன்?" என்று அப்பா கத்தினார். குளம் இல்லை என்று எழுத என்னால் முடியும். ஆனால் குளம் இல்லையென்றால் பின்னே என்ன என்றும் எழுதியாக வேண்டும். அனுமதியில்லாத கூரை, மூன்று வீடு. மோப்பம் பிடித்து இரண்டு மாமாக்களும் அன்றே வந்துவிட்டார்கள். "நீ குளம்னே வச்சுக்கோடா. குளத்துக்கு அபராதம் கிடையாது" என்றார் இடப்பக்கத்து மாமா. வலப்பக்கத்து மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். "நம்ம சுவாமியே பாற்கடல்லதானே படுத்துண்டிருக்கார்? நமக்கு என்ன கொறைச்சல்?"

உண்மையைச் சொன்னால் தெருவோடு பகை. சொல்லாவிட்டால் கல்யாணமே நின்றாலும் நிற்கும். இப்படிப்பட்ட இக்கட்டுகளுக்கென்றே எங்கள் ஆபீஸில் ஒரு வாசகம் உண்டு. மேடம் போட்டோ கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றேன்; அறிக்கையில் அந்தக் குளத்தின் பக்கத்தில் 'நேரில் சரிபார்க்க வேண்டியது' என்று எழுதி வைத்தேன். அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு ஒரு குளத்தை ஆயுசு முழுக்க ஓட்டலாம்.

வழி கண்டுபிடித்தவர் அப்பாதான். மார்கழியில் ஒருநாள் வீட்டுக்கு வந்தால் படுக்கையறை காலி. கட்டில் மாடியில், ஷீட்டுக்கு அடியில் கிடந்தது. மூன்று பக்கமும் மூங்கில் தட்டி, ஒரு டேபிள் ஃபேன், அம்மாவின் ராமர் படம்கூட ஏறிவிட்டது. "கீழ ரூமை நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்கோ. எங்களுக்கு மாடி போறும். கடல் காத்து சும்மா அள்ளிண்டு போறது" என்றார். அந்த மாதத்துக்கு அது உண்மையும்கூட. வாக்கும் நிறைவேறியது, குளமும் தப்பியது, மாமாக்களும் கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் மனைவி வந்ததும் முதல் வேலையாக அறைக்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள்.

மாசி பிறந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அப்பாவும் அம்மாவும் மாடியேறிவிடுவார்கள். "வெயில்ல எதுக்கும்மா? ஹால்லயே படுத்துக்கோங்கோளேன்" என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "நீ போன்ல பேசிண்டிருப்பே, நாங்க தொணதொணன்னுண்டு எதுக்கு? மேல நன்னா காத்து வரது" என்பாள் அம்மா. அவளை மாடிப் பக்கம் வரவும் விடமாட்டாள். சாயங்காலம் இறங்கி வரும்போது இருவர் முகமும் சிவந்திருக்கும். பெரியவர்களே குறை சொல்லாதபோது நமக்கென்ன என்று நான் இருந்தேன்.

ஆபீஸில் அடுத்த இலக்கு வந்தது: நகரத்தின் சூடு. பகலில் எந்த இடம் எவ்வளவு காய்கிறது என்று காட்டும் படம். குளிர்ந்த இடம் நீலம், காய்கிற இடம் சிவப்பு. மேடம் அதன்மேல் எங்கள் குளங்களின் படத்தை வைத்துப் பார்த்தார். மற்றக் குளங்களெல்லாம் குளுகுளுவென்று இருக்க, ஸ்ரீவராகத்துக் குளம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. அந்தப் பகுதியிலேயே அதிகம் காய்ந்தது அதுதான். ஆபீஸே திரையைச் சுற்றிக் கூடிவிட்டது.

"எடோ, இது சூடுவெள்ளம் ஊறுன்ன குளமாயிரிக்கும்!" என்றார் மேடம். நகரத்துக்கு நடுவே வெந்நீர் ஊற்று! ஒருவர் சோப்போடு கிளம்பலாமா என்றார். இன்னொருவர், முட்டை போட்டால் வெந்துவிடும் என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. மத்தியான வேளை. அம்மா இப்போது அந்தச் சிவப்புக்குள்தான் படுத்திருப்பாள்.

"மேடம், அது குளமல்ல. என்றெ வீட்டின்றெ ஷீட்டாணு" என்றேன். "அச்சனும் அம்மயும் அதின்றெ அடியில் உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. "பின்னெ எந்தினா இவிடெ நில்க்குன்னது? போ" என்று மேடம் வாசலைக் காட்டினார். குளத்தை அழித்து, மூன்று வீட்டுக் கூரை என்று எழுதி, அதில் முதலாவதாக எங்கள் வீட்டைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அபராதம் வரும், மாமாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வரட்டும், திருப்பிக்கொள்ளட்டும்.

மாடியில் கால் வைத்ததும் அடுப்பு வாய் மாதிரி அனல் அடித்தது. கட்டிலில் யாரும் இல்லை. தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டி, அந்த ஈரத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்து இருவரும் படுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். "காத்துக்கு என்னடா, ஜோரா..." என்று ஆரம்பித்தவர், தொண்டை வறண்டு இருமினார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். பின்னாலேயே ஓடிவந்த மனைவி, காதில் ஹெட்செட்டோடு, ஈரத் தரையையும் வேட்டியையும் பார்த்தாள். வந்து மறுபக்கத்தைத் தூக்கினாள்.

"ரூம் வேணும்னுதான் கேட்டேன்" என்றாள் என்னிடம். "உங்க அம்மா அப்பாவை வறுத்துத் தரச் சொல்லலை. பிடிங்கோ, நேரா ரூமுக்குள்ள."