தூங்கட்டும் என்று ஜெபித்தேன்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மலையாளம் பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டுவேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதற்குள் பனிக்குடம் உடைந்து, ஐந்து வாரம் முன்னதாகவே மகன் பிறந்துவிட்டான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது நர்ஸ் என்னிடம் என்னென்னவோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

"தூக்கம் கொறவாணு, கேட்டோ. தூக்கம் கூடணும்."

பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். ஹாரன் அடித்த லாரிக்காரனைத் திட்டினேன். முழங்கால் போட்டு, "ஆண்டவரே, என் பிள்ளையை நன்றாகத் தூங்க வையும்" என்று ஜெபித்தேன். தூங்கினான். மறுநாள் காலையில் கொஞ்சம் குடித்தவன், மத்தியானம் தாண்டியும் கண் திறக்கவில்லை. எனக்குப் பால் கட்டி வலித்தது. பசித்தால் அழமாட்டானா என்று இருந்துவிட்டேன்.

ஜெபம் கேட்கப்பட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் பாஸ்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தூக்கம் குறைவென்று யார் சொன்னது என்று கேட்டார். நர்ஸ் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். 

"மோளே, அது உறக்கம் இல்ல. இங்க தூக்கம்னா எடை. பிள்ளைய இப்பமே எழுப்பு."

எழுப்பினேன். எழும்பவில்லை. பாதத்தைச் சுண்டினேன், ஈரத்துணியால் துடைத்தேன். கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டான். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஆட்டோவில் ஜெபிக்க வாய் வரவில்லை. இந்த முறையும் தப்பாகக் கேட்டுவிடுவேனோ என்று பயம். "உமக்குத் தெரியும், உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழே படுக்க வைத்து, மூக்கில் குழாய் போட்டார்கள். குறைமாதப் பிள்ளைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

நான்கு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பாலைப் பீய்ச்சிக் கொடுப்பேன், அது குழாய் வழியாகப் போகும். ஐந்தாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். மகன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பசிக்கு அழுகிறான் என்றார் நர்ஸ். நானும் அழுதேன்.

இப்போது மூன்று மாதம். அவன் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் நான் இன்னும் எழுப்பிப் பார்த்துவிடுகிறேன். குறைமாதத்தில் பெற்ற தாய்மாரே, பிள்ளை அழட்டும் என்று காத்திருக்காதீர்கள். புரியாததை வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். ஜெபத்தில் வார்த்தை தப்பிப் போனாலும் பயப்படாமல் அவரை நம்புங்கள். நான் தூங்க வையும் என்று கேட்டேன். அவர் எழுப்பித் தந்தார்.