ஜவாரி முறுக்கின் பெர்மிட்

இதை எழுதுவதற்கென்றே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்தேன். வாங்கியபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவள் பிள்ளை அந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் ரயில் படம் போட்டு வைத்திருக்கிறான். அத்தனை வருஷமும் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எழுதினால் என் மச்சினனைப் பற்றி எழுத வேண்டும். அவன் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. அவள் அடுப்படியில் இருக்கையில் முன்னறையில் உட்கார்ந்து அவள் தம்பியைக் குறை எழுத எனக்குக் கை வரவில்லை. போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். நான் படித்தது அஞ்சாவதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தத்துக்கு முன்னால் தாராவியில் எங்களுக்கு முறுக்குத் தொழில். ஒரே அறை. பின்பக்கச் சாய்ப்பில் இரண்டு அடுப்பு. நான் மாவு பிசைந்து சட்டி பார்ப்பேன், மனைவி அச்சில் பிழிவாள், மச்சினன் மாட்டுங்கா ஹோட்டல்களுக்கும் மில் வாசல் டீக்கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பான். அவனுக்கு அப்போது முப்பது வயசு. இந்தி, மராட்டி இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு இந்தி காதில் ஏறும், வாயில் வராது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகளுக்கு மூணு வயசில் விஷக்காய்ச்சல் வந்து, டாக்டரே கையை விரித்துவிட்டார். திருச்செந்தூர் முருகனை நினைத்து ஒரு வேண்டுதல் வைத்தேன். பிள்ளை பிழைத்தால், என் கையால் செய்கிற பண்டம் எதையும் உனக்குப் படைக்காமல் என் நாக்கில் வைக்க மாட்டேன். பிள்ளை பிழைத்தாள். அன்று முதல் பச்சை மாவைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. காலையில் முதல் ஈடு முறுக்கு சாமி படத்துக்கு முன்னால் இலையில் போன பிறகுதான் எனக்கு.

உப்பு யார் பார்ப்பது? மச்சினன் பார்ப்பான். ஒரு உருண்டை மாவைத் தனிக் கிண்ணத்தில் கிள்ளி வைப்பேன், அவன் வாயில் போட்டுச் சொல்வான். "அத்தான், உங்க நாக்கு முருகனுக்கு, என் நாக்கு உங்களுக்கு" என்று சிரிப்பான். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். வேண்டுதலில் அவனுக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரேஷன் வந்தது. அரிசியில் பலகாரம் சுட முடியாமல் போயிற்று. கிடைத்ததெல்லாம் ஜவாரி, அதாவது நம் ஊர்ச் சோளம். அதில் முறுக்குப் பிழிந்தால் அச்சைவிட்டு இறங்கும்போதே துண்டு துண்டாக அறுந்து விழும். சட்டியில் போட்டால் தூளாகும். இரண்டு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. ஒரு நாள் காலையில் மனைவி பிள்ளைக்குச் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கைமாற்றிக் கிண்டினேன், விரலெல்லாம் களி ஒட்டிக்கொண்டது. அந்தக் கையோடு மாவுப் பானையில் கை விட்டேன். ஒட்டின இடத்தில் மாவு பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்படியே பொறி தட்டியது. மாவில் ஒரு பங்கைக் களியாகக் கிண்டி, சூட்டோடு மிச்ச மாவில் போட்டுப் பிசைந்தால்? பத்து நாள் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். நாலு பங்குக்கு ஒரு பங்கு களி. முறுக்கு அறுபடவில்லை. எண்ணெயில் அழகாகச் சிவந்தது. மனைவி கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, இது அரிசி முறுக்குன்னு சொன்னா அரிசியே நம்பிரும்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பலகாரக்காரர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். மாற்றுத் தானியத்தில் பண்டம் செய்வது, நிறுத்து அளந்து போடுவது, சுத்தம் எல்லாம் சொல்லிக்கொடுத்து, கடைசி நாள் ஒரு கண்காட்சி. அவரவர் தன் பண்டத்தை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். தேறினவருக்கு மாவும் எண்ணெயும் மொத்தமாக வாங்க ஒரு பெர்மிட். அது இல்லாதவன் இனி சட்டி வைக்க முடியாது. எங்கள் மூன்று பேர் பிழைப்பும் அந்த ஒரு காகிதத்தில் இருந்தது.

வகுப்பு எடுத்தது ஒரு மராட்டி அம்மாள். மராட்டியில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிறபடி எல்லாரும் பாய் என்போம். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல மாட்டுங்காவிலிருந்து பாலக்காட்டுக்காரர் ஒருவர் வருவார், ஏதோ ஆபீசில் கிளார்க். நேந்திரங்காய் வறுக்கிறவர், காரச்சேவு பிழிகிறவர், அப்பளம் இடும் மாமிகள் என்று முப்பது பேர் இருந்தோம். பாய் ஒரு நாள் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, ஹாலே சிரித்தது.

"என்ன சாமி சொல்லுதாங்க?" என்று கேட்டேன்.

"வாயில போட்டுப் பார்க்காம சமைக்கறவன், கண்ணைக் கட்டிண்டு ட்ராம் ஓட்டறவன்கறா" என்றார் கிளார்க்.

என் வேண்டுதலை அவரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு பாயிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "போறது. மேக்கர் ஒருத்தர், கூட ஒரு ஹெல்பர். ருசி பார்க்க ஹெல்பரை வெச்சுக்கலாம்னுட்டா. ஃபாரத்துல ரெண்டு பேரையும் எழுதிக் குடும்" என்றார்.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. மச்சினன்தான் வாங்கிப்போய் யாரையோ வைத்து எழுதிக் கொண்டுவந்தான். "கையெழுத்துப் போடுங்க அத்தான்" என்றான். காட்டின இடத்தில் போட்டேன். முருகன் படத்துக்கு முன்னால் அரை நாள் வைத்துத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்காட்சி அன்று மேஜை மேஜையாக வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பாயும் ஒரு ஆபீசரும் வந்தார்கள். களி கிண்டினேன், சூட்டோடு மாவில் சேர்த்தேன், பிசைந்தேன். ஆபீசர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாய் மாவைக் காட்டி, ருசி பார்த்து என்ன குறை என்று சொல் என்றார். நான் திரும்பி, "மாப்ளே, பாரு" என்றேன். அவன் வாயில் போட்டான். கண்ணை மூடி நின்றான். உப்பு ஒரு சிட்டிகை, மிளகு கொஞ்சம் என்று சொல்லி அவனே சேர்த்தான். நான் பிழிந்து எடுத்தேன். ஆபீசர் ஒன்றை ஒடித்து வாயில் போட்டார். சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல சத்தம்.

"மேக்கர் கோன் ஹை?" என்று கேட்டார். செய்தது யார் என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முன்னால் போய், தான்தான் என்றான். என்னைக் காட்டி, இவர் என் அக்காள் புருஷன், சட்டி பார்த்துக்கொள்கிற ஆள் என்று இந்தியில் சொன்னான். இந்தி வாயில் வராது என்றேனே தவிர, அது புரியாத ஆள் இல்லை நான்.

கிளார்க் கையில் இருந்த ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓய், இதுல மேக்கர்னு அவர் பேர்னா இருக்கு? நீர் ஹெல்பர்னு கையெழுத்துப் போட்டிருக்கீர்!"

மச்சினன் என் காதோரம் வந்தான். "அத்தான், ரெண்டும் ஒண்ணுதான். எந்தப் பேருல வந்தா என்ன, நம்ம வீட்டுக்குத்தான வரும்? இப்ப வாயத் தொறந்தியன்னா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும்."

கிளார்க் விடவில்லை. நல்ல மனுஷர். "நீர் சொல்லும். யார் மேக்கர்? நீர் சொல்றதை நான் அவாகிட்டச் சொல்றேன். தைரியமாச் சொல்லும்."

ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி பெண்கள் பக்கத்தில் நின்றாள். அவள் தம்பியை எல்லார் முன்னாலும் பொய்யன் என்று சொல்ல வேண்டும். அல்லது அவன் சொன்னதை நம்ப வேண்டும். நான் நம்பினேன்.

"அவன் சொல்லுததுதான் சாமி" என்றேன்.

பெர்மிட் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த மாதம் மச்சினன் வருவது குறைந்தது. முதலில் காய்ச்சல் என்றான். பிறகு ஒரு நாள் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் வந்து புது அச்சையும் பெரிய சட்டியையும் எடுத்துப் போய்விட்டான். நான் பெர்மிட் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அது போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது என்றார்கள். எங்கே என்று கேட்டேன். செம்பூர் விலாசத்துக்கு.

செம்பூரில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆபீசில் ஃபாரத்தை எடுத்துக் காட்டினார்கள், அந்த விலாசம் அதிலேயே இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட அன்றே இருந்தது. ஃபாரத்தில் பேர் மாறினது எழுதினவன் தப்பு, ஹாலில் அதைச் சமாளிக்கத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று அதுவரை மனசை ஆற்றிக்கொண்டிருந்தேன். அதற்கும் இடம் இல்லாமல் போயிற்று. நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டது இந்தக் காகிதத்தைத்தான்.

மனைவியோடு குர்லாவில் வண்டி மாறி செம்பூர் போனேன். ஓடு போட்ட கொட்டகை. நாலு அடுப்பு எரிந்தது. சுவரில் மாலை போட்ட முருகன் படம், முன்னால் இலையில் முதல் ஈடு முறுக்கு. என் முறையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான். மச்சினன் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாங்க அத்தான். அக்கா, உக்காரு. காப்பி சொல்லுதேன்."

"காப்பிய நீயே குடி" என்றாள் என் மனைவி. "ஏல, மாவுல களி சேக்கச் சொன்னது யாருல?"

"அதை யாரு இல்லன்னா?"

"பெறவு பெர்மிட்டுல யாருல இருக்கா?"

"அக்கா, சர்க்கார் கேட்டது ருசி பாக்கத் தெரிஞ்ச ஆளை. அத்தான் கையக் கட்டிக்கிட்டு நின்னாவ. வேண்டுதல் அவுகளுது, நாக்கு என்னுது. நாக்குக்குத்தான குடுத்தான்?"

"அந்த நாக்குக்குச் சோறு போட்டது யாரு? எட்டு வருசம் என் கையால பொங்கிப் போட்டேனே, மூதி!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பினான். குரலைத் தணித்தான். உண்மையிலேயே அன்போடு சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

"அத்தான், கோவப்படாதிய. நாளைக்கே வாங்க. சட்டி உங்களுதுதான். கூலி மத்தவனுக்குக் குடுக்கதைவிடக் கூடத் தாரேன்."

நான் சுவரில் இருந்த முருகனைத்தான் பார்த்தேன். உனக்காக வாயைக் கட்டினேன், அந்தக் கட்டையே பிடித்து என்னைக் கவிழ்த்துவிட்டானே, நீயும் மாலையைப் போட்டுக்கொண்டு அவன் பக்கம் இருக்கிறாயே என்று கேட்டேன். சாமியை அப்படிக் கேட்டது தப்புத்தான். ஆனால் கேட்டேன்.

கிளார்க்கிடம் போனேன். அடுத்த கண்காட்சிக்கு எழுதித் தருகிறேன் என்றார். "ஆனா ஹெல்பர் சமாசாரமெல்லாம் இனிமே கிடையாதுங்கறா. நீரே வாயில போட்டுப் பார்க்கணும். ஒரே ஒரு நாள்தானே ஓய். சுவாமி கோச்சுக்க மாட்டார்." அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேண்டாங்க. போனது முறுக்கோட போட்டும், பிள்ளைக்கு ஒண்ணும் வர வேண்டாம்" என்றாள். ஃபாரம் எழுதவில்லை. அடுப்பை இடித்துச் சாய்ப்பில் ஆட்டுக்கல்லைப் போட்டாள்.

அம்பர்நாத்தில் ஒரு பாக்டரி கான்டீனில் சமையல் வேலை கிடைத்தது. விடிகாலை ரயில், பொழுது சாயத் திரும்புவேன். அங்கே யாரையும் ருசி பார்க்க வைத்துக்கொள்ளவில்லை. பாய் சொல்லிக்கொடுத்தபடி மாவையும் உப்பையும் கிண்ணத்தால் அளந்து போடக் கற்றுக்கொண்டேன். ஒரு மாதம் தடுமாறினேன், அப்புறம் கை பழகிவிட்டது. வகுப்பில் எல்லாரும் சிரித்த அவமானத்தில் அதைக் காதில் வாங்காமல் விட்டிருந்தேன். அப்போதே வாங்கியிருந்தால் இன்னொருவன் நாக்கு எனக்கு வேண்டியிருந்திருக்காது. இதில் என் மடத்தனமும் இருக்கிறது.

சுதந்திரம் வந்த பிறகு தாராவியில் ஒரு கோயில் கொடைத் திருவிழா. பந்தியில் செம்பூர் முறுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கதை சொன்னார். "அண்ணாச்சி, இதுக்குக் களி சேக்கணும்னு முருகனே அந்தச் செம்பூர்க் கடைக்காரரு கனவுல வந்து சொன்னாராம். பஞ்ச காலத்துல. கேட்டியளா?" கேட்டேன் என்றேன். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பெர்மிட்டை எடுத்தான், சட்டியை எடுத்தான், அதையெல்லாம் பொறுத்தேன். அந்தப் பொய்யைச் சொல்ல முருகன் பெயரை எடுத்ததை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டு.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வேறு யாரிடமாவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கடைசியில் சாமி அவன் கண்ணைக் குத்தியது என்று சேர்த்துவிடாதீர்கள். குத்தவில்லை. அவன் நன்றாக இருந்தான், அவன் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். அந்த ஹாலில் ஒரு மனுஷர் இரண்டு தரம் கேட்டார், நான் உண்மையைச் சொல்லவில்லை. அதையும் விடாமல் சொல்லுங்கள். நாலு பங்குக்கு ஒரு பங்கு களி. அதைக் கனவில் யாரும் வந்து சொல்லவில்லை.